கீழமடையூரின் பொன்னான வாக்குகள்

முக்கூடலுக்குக் கிழக்கே, ஆற்றுக்கால்வாயின் கரையில் இருக்கும் கீழமடையூர் தன் ஜனநாயகக் கடமையில் ஒருபோதும் தவறியதில்லை. வாக்குப்பதிவு எப்போதும் அமோகம். ஒரே ஒரு சிறப்பு: அந்த ஊர் யாருக்கு அதிகமாக வாக்களிக்கிறதோ, அவர் தோற்றுப்போவார்.

அலை அடித்தபோதும் தோற்றார்கள். அனுதாபம் பொங்கியபோதும் தோற்றார்கள். தோற்கவே முடியாதவர் என்று பத்திரிகைகள் எழுதிய ஒருவருக்கு ஊரே திரண்டு போட்டது. அவர் டெபாசிட்டையும் சேர்த்து இழந்தார்.

அதிலிருந்து பிரசார வண்டிகள் ஊர் எல்லையில் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுப் பைய உருண்டு கடக்கும். கும்பிட்டால் யாராவது ஓட்டுப் போட்டுவிடுவார்களோ என்று வேட்பாளர்கள் கையைக் கட்டிக்கொள்வார்கள்.

தலைவர்கள் வராத ஊருக்குப் பாலம் எப்படி வரும்? கால்வாயைக் கடக்க ஒரு பனந்தடிதான் கிடந்தது. பீடி சுற்றும் ஆபிதா பீவிக்கு அது பெரிய குறையாகப் பட்டதில்லை. மகள் நஃபீஸத் தலைப்பிரசவத்துக்கு வந்து சேர்ந்தபிறகு பட்டது. ஆஸ்பத்திரி அக்கரையில் இருக்கிறது. ஆட்டோவுக்குப் பனந்தடியில் நடக்கத் தெரியாது.

இந்நிலையில், தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு, தானியேல் என்பவரை ‘வாக்காளர் மனப்போக்கு ஆய்வு அலுவலர்’ என்று அரசு நியமித்தது. அவர் நூர்முகம்மதுவின் டீக்கடையில் உட்கார்ந்து விசாரணையைத் தொடங்கினார்.

“ஏன் இப்படி வாக்களிக்கிறீர்கள்?”

“ஜெயிக்கட்டும்னுதான் சார் போடுதோம். அவன் தோத்துத் தொலைக்கான்” என்றார் நூர்முகம்மது.

‘மேற்படி ஊர்மக்கள் எதிர்த்திசை வெற்றித்திறன் கொண்டவர்களாகக் காணப்படுகிறார்கள்’ என்று தானியேல் அறிக்கை கொடுத்தார். ஊர்க்காரர்களுக்கு மட்டும் தெரிந்திருந்த சங்கதி இப்போது அரசாங்க முத்திரையுடன் உண்மையானது.

மறுநாளே சட்டமன்ற உறுப்பினர் நேசையா ஓடிவந்தார்.

“தாய்மாரே! உங்க பொன்னான வாக்க எனக்குப் போட்டுராதிய. எதுத்து நிக்கப்போற டார்லினுக்குப் போடுங்க. நல்ல பொம்பள.”

“சும்மா எப்படி அண்ணாச்சி போடாம இருக்க?” என்றாள் ஆபிதா பீவி. “பாலம் கட்டித் தாங்க. உங்க சின்னத்த ஏறெடுத்தும் பாக்க மாட்டோம்.”

ஊர்ப்பக்கக் கரையில் வேலை தொடங்கியது. சேதி கேட்டு டார்லின் பதறிக்கொண்டு வந்தார்.

“அவருக்குப் போடலன்னா எனக்குல்லா போடுவிய? நான் ஒங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சேன்?”

அக்கரையிலிருந்து அவர் சொந்தச் செலவில் கட்டத் தொடங்கினார். இரண்டு அரைப்பாலங்களும் ஒன்றை ஒன்று நோக்கி ஆவலோடு வளர்ந்து, நடுவில் ஓர் ஆள் நீள இடைவெளியில் நின்றன. மிச்சம் வெற்றிக்குப் பிறகு என்று இருவரும் தனித்தனியே வாக்குறுதி அளித்தார்கள்.

வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் டீக்கடையில் ஊர் கூடியது.

“ரெண்டு பேரும் பாதிப் பாதி செஞ்சிருக்காக வே. யாருக்குப் போட்டாலும் நன்றி கெட்ட வேலை” என்றார் நூர்முகம்மது.

“நோட்டா இருக்குல்லா?” என்றாள் ஆபிதா பீவி. “அது தோத்தா யாரு வீட்டுல அழப் போறாக?”

ஊர் மொத்தமும் நோட்டாவை அழுத்தியது. வழக்கம்போல் நோட்டா தோற்றது. நேசையா ஜெயித்தார்.

நன்றி சொல்ல வந்த நேசையா மாலையோடு அரைப்பாலத்தின் நுனியில் நின்றார்.

“மிச்சப் பாலம் எப்போ அண்ணாச்சி? மவளுக்கு நாள் நெருங்குது” என்றாள் ஆபிதா பீவி.

“எனக்கு ஒரு ஓட்டுகூட விழலியே தாயி. ஓட்டுப் போடாத ஊருக்கு நான் எதுக்குச் செய்யணும்?”

“நீங்கதான போட்டுராதியன்னு அழுதிய?”

“அழுதேன். அதுக்காகச் சொன்னதச் சொன்னபடியா செய்வாக? ஒரு மரியாதைக்கு நாலு பேராவது போட்டிருக்கலாம்லா?”

ஆபிதா பீவி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். “தப்புதான் அண்ணாச்சி. அடுத்த தடவ ஒண்ணு பாக்கியில்லாம அத்தன ஓட்டும் உங்களுக்குத்தான்.”

நேசையாவின் முகம் வெளுத்தது. கூட்டம் அத்துடன் முடிந்தது.

அந்த வாரமே தானியேலின் பரிந்துரை மேலே போய், வரலாறு காணாத வேகத்தில் உத்தரவாகத் திரும்பி வந்தது: நிர்வாக வசதியை முன்னிட்டு, கீழமடையூர் பக்கத்துத் தொகுதியோடு இணைக்கப்படுகிறது. இனிக் கால்வாயின் நடுமையம்தான் தொகுதி எல்லை. பாலத்தின் இடைவெளி சரியாக அங்கே இருந்தது. அதை அடைப்பதற்கு இரு தொகுதி உறுப்பினர்களின் ஒப்புதலும் தேவை. பக்கத்துத் தொகுதிக்காரர் மறுத்துவிட்டார். ஒப்புக்கொண்டால் ஊர் நன்றிக்கடனாக ஓட்டுப் போட்டுவிடும் என்பது அவருடைய பயம்.

நஃபீஸத்துக்கு வலி கண்டபோது, ஊரார் பழைய பனந்தடியைத் தூக்கி வந்து இடைவெளியில் போட்டு, அவளைக் கைத்தாங்கலாக அக்கரை ஆட்டோவில் ஏற்றினார்கள். சுகப்பிரசவம். பெண் குழந்தை.

பாலத்தைப் பற்றி இப்போது டீக்கடையில் பேச்சே இல்லை. “பாலம் எந்த ஊருலயும் கெடக்கும் சார்” என்று தானியேலிடம் சொன்னார் நூர்முகம்மது. “ரெண்டு தொகுதி எம்.எல்.ஏ.வும் பயந்து நடுங்குத ஊரு வேற எங்கன இருக்கு?” இருந்தவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்த நேரம் ஆபிதா பீவி மகளோடும் பேத்தியோடும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள். டார்லினின் அரைப்பாலத்தில் ஏறி, பனந்தடியைக் கடந்து, நேசையாவின் அரைப்பாலத்தில் இறங்கினாள். முன்பெல்லாம் பனந்தடியை மட்டும் கடந்தால் போதும்.