நாங்கதான்

திறமையைச் செலவழிப்பது சாதாரண மனிதர்களின் பழக்கம். அதைத் தொடாமல், கசங்காமல், பிறந்த மேனிக்கே பாதுகாத்து வைத்த பெருமை எண்பதுகளின் அமெரிக்க ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர்களையே சேரும். அவர்களுள்ளும் தலையாயவர் டொலீடோ நகரத்து பர்விஸ் லாம்ப்கின். அவருடைய இடது கை கடவுள் அவசரப்படாமல் செய்த கை என்று பத்திரிகைகள் எழுதின. பர்விஸும் அவசரப்படவில்லை.

அவர் உலக சாம்பியன் ஆனதுகூடப் பதறாமல்தான். முந்தைய சாம்பியன் இவரைவிட அதிகமாகச் சாப்பிட்டு வந்திருந்தார். நாலாவது சுற்றில் மூச்சு வாங்கி, தானாகவே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பர்விஸின் பெரியப்பா மகன் லூஷியஸ், அவருடைய பயிற்சி முகாமின் 'உற்சாகத் துறை'க்குத் தலைவன். பர்விஸ் எங்கே போனாலும் முன்னால் நடந்து கத்த வேண்டும். அவன் குரல் கேட்டால் சரக்கு ரயில் ஓட்டுகிறவர்கள் சங்கைத் தொடக் கூச்சப்படுவார்கள்.

அந்தக் குரல் ஒரே ஒரு முறை வராமல் போயிருக்கிறது. பர்விஸுக்குப் பத்தொன்பது வயது. மளிகைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஒரு பயிற்சிக் கூடத்தில், தன்னைவிடப் பெரிய மூன்று பேரை வரிசையாக எதிர்கொண்டார். அவர்கள் விட்ட குத்துகள் எல்லாம் அவர் ஒரு கணம் முன்பு நின்றிருந்த இடத்தில் விழுந்தன. பிறகு அந்த இடது கை வந்தது. மூன்று முறை வந்தது. சுவரோரம் நின்ற லூஷியஸ் வாயைத் திறந்தபடியே இருந்தான், சத்தம் வரவில்லை. அன்று பார்த்ததை இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அதன் பிறகு அவனுடைய ஒரே ஆசை. சம்பளம் வாங்கிக்கொண்டே காத்திருந்தான்.

முகாமில் நடைமுறைகள் சீராக இருந்தன. பகல் பதினொன்றுக்கு சாம்பியன் எழுவார். கையுறை மாட்டிவிட ஒருவர், ஆரஞ்சு உரிக்க ஒருவர், 'அற்புதம்' என்று சொல்ல இருவர். பயிற்சிக்கென்று அமர்த்தப்பட்டவன் எதிரே நிற்பான். சாம்பியனின் கை தன் திசையில் வந்ததும் விழுவான். அவன் விழுந்தால் பயிற்சி முடிந்தது என்று பொருள். முகாமில் யாரும் பத்து வரை எண்ணுவதில்லை. எண்ணினால் விலாக்கறி ஆறிவிடும். உடனே குழுவினர் கயிறுகளுக்குள் நுழைவார்கள். பயிற்சியாளர் கோல்மன் கையுறை முடிச்சை அவிழ்ப்பார், ஒருவர் அங்கியைப் போர்த்துவார், லூஷியஸ் சாம்பியனின் கையைத் தூக்கிக் கேட்பான்:

"இவரை இப்படி ஆக்கினது யாரு?"

"நாங்கதான்!" என்று குழு கூரை அதிரச் சொல்லும். பிறகு சாப்பாடு.

இந்த ஒழுங்கைக் குலைக்க வந்தவன் எம்மெட். சின்சினாட்டிப் பக்கத்துப் பையன், நீளமான கழுத்து. வந்த முதல் நாளே விழாமல் நின்றான். இரண்டாம் நாளும் நின்றான். லூஷியஸ் அவனைத் தனியாக அழைத்தான்.

"தம்பி, சாம்பியன் அடிச்சா விழணும்."

"என் மேல படவே இல்லியேண்ணே."

"பட்டாத்தான் விழணும்னு எந்த ஊர்ல சட்டம் போட்டிருக்கான்?"

"எங்க ஊர்ல அப்படித்தான்."

"மத்தவங்களைப் பாரு. எவ்வளவு அழகா விழறாங்க. போன வாரம் ஒருத்தன் விழுந்தான், சாம்பியன் அப்போ முதுகைத்தான் சொறிஞ்சிட்டு இருந்தாரு. அது விசுவாசம்."

"நான் பொட்டியைக் கட்டிக்கிட்டு விழறதுக்கா வந்தேன்?"

"வேற எதுக்கு வந்த?"

"சண்டை கத்துக்க."

லூஷியஸுக்கு உண்மையிலேயே பரிதாபமாக இருந்தது.

அன்றே குழு கூடியது. கோல்மன் தலைமை வகித்தார். 'தொடர்ந்து நிற்றல்' என்பது குற்றச்சாட்டு. சாம்பியனின் தன்னம்பிக்கைக்கு ஊறு விளைவித்ததாக ஏகமனதாக முடிவாயிற்று. எம்மெட்டைப் பேருந்தில் ஏற்றிவிடும் பொறுப்பு லூஷியஸுக்கு வந்தது.

"அவருக்கு அந்த இடது கை இருக்குல்லண்ணே," என்றான் எம்மெட், படியில் கால் வைத்தபடி. "ஒரு தடவை லேசா உரசிட்டுப் போச்சு. ராத்திரி பூரா காது கொய்யினு இருந்துச்சு. அதை ஏண்ணே அவர்கிட்டருந்து ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

அந்தக் கேள்வி உற்சாகத் துறையின் வரம்புக்குள் வராததால் லூஷியஸ் பேருந்தின் கதவைச் சாத்தினான்.

மூன்று வருடம் கழித்து, லாஸ் வேகாஸில், ஒரு சூதாட்ட விடுதியின் பின்புறத்து மைதானத்தில், பர்விஸின் பட்டத்துக்கு எதிராக வந்து நின்றது அதே நீளமான கழுத்து.

முந்தின நாள் எடை பார்த்தார்கள். ஹெவிவெயிட் பிரிவில் மேல் வரம்பு கிடையாது. எவ்வளவு இருந்தாலும் தேர்ச்சிதான். தராசு முள் போய் முட்டி நின்றதும் குழு கைதட்டியது. உடை மாற்றும் அறையில் லூஷியஸ் கதவைச் சாத்தினான்.

"பர்விஸ், இவன் விழ மாட்டான்டா."

"எல்லாரும்தான் விழறாங்க. நீயே பாத்திருக்கியே."

இப்போது சொல்லிவிட வேண்டும். லூஷியஸ் வாயைத் திறந்தான். பழக்கதோஷம், "உன்னை ஜெயிக்க எவன்டா இருக்கான்" என்றுதான் வந்தது.

ஆறு சுற்றுகள் பர்விஸ் அடி வாங்கினார். ஒவ்வொரு இடைவேளையிலும் முக்காலியில் உட்கார்ந்து, குழந்தையைப் போல வியந்தார்.

"இவன் ஏன் விழ மாட்டேங்கறான்? இவன்கிட்ட யாரும் சொல்லலியா?"

"சொன்னேன், கேக்கல," என்றான் லூஷியஸ்.

ஏழாவது சுற்றில் பர்விஸுக்குக் கோபம் வந்தது. பல வருடங்களாக யாரும் அவரைக் கோபப்படுத்தியதில்லை. எம்மெட் விட்ட குத்து ஒன்று, அவர் ஒரு கணம் முன்பு நின்றிருந்த இடத்தில் விழுந்தது. பிறகு இடது கை வந்தது. மளிகைக் கடை மாடியிலிருந்து நேராக வந்தது. எம்மெட்டின் நீளமான கழுத்து ஒரு பக்கம் திரும்ப, அவன் மரம் போல் சாய்ந்தான்.

லூஷியஸ் வாயைத் திறந்தபடி நின்றான். சத்தம் வரவில்லை.

எதிராளி விழுந்தால் அடித்தவன் தள்ளியிருக்கும் மூலைக்குப் போய் நிற்க வேண்டும். அதுவரை நடுவர் எண்ண மாட்டார். இது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விதி. 'மூலைக்குப் போ' என்று ஒரு குரல் கத்தியிருந்தால் போதும். வாழ்நாள் முழுக்கக் கத்தியவனுக்கு, பயனுள்ளதாகக் கத்தக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அது.

பர்விஸ் தன் மூலைக்கே திரும்பி, இரண்டு கைகளையும் நீட்டினார். கோல்மன் உள்ளே பாய்ந்து முடிச்சை அவிழ்த்தார். ஒருவர் அங்கியைப் போர்த்தினார். ஒருவர் ஆரஞ்சு கொண்டுவந்தார்.

எண்ணுவதற்காகக் காத்திருந்த நடுவர், எண்ணாமலே ஓடி வந்தார். "யாருய்யா நீங்கள்லாம்? வெளியில போங்க!"

"சண்டை முடிஞ்சிருச்சுல்ல?" என்றார் கோல்மன். "அவன் விழுந்துட்டானே."

குழுவை வெளியேற்ற நேரமாயிற்று. அங்கியை உருவ நேரமாயிற்று. அவிழ்த்த முடிச்சைத் திரும்பக் கட்ட இன்னும் நேரமாயிற்று. கோல்மனுக்கு அவிழ்த்துத்தான் பழக்கம். அதற்குள் எம்மெட் புரண்டு, கயிற்றைப் பிடித்து எழுந்து, பற்கள் இருக்கின்றனவா என்று நாக்கால் சரிபார்த்து, நிதானமாக மூச்சு வாங்கியிருந்தான். பிறகு வந்து அடித்தான். பர்விஸ், தன் முகாமில் யாரும் விழாத அளவுக்கு நேர்மையாக விழுந்தார். எம்மெட் ஓடிப்போய்த் தள்ளியிருந்த மூலையில் நின்றுகொண்டான். நடுவர் தடங்கலின்றிப் பத்து வரை எண்ணினார்.

உடை மாற்றும் அறையில் பர்விஸ் மேசைமீது படுத்திருந்தார். ஒரு கண் மூடிவிட்டது. பனிக்கட்டிப் பையை லூஷியஸ் பிடித்திருந்தான்.

"எல்லாரும் எங்க?"

"எதிர் ரூம்ல."

"எம்மெட் ரூம்லயா?"

"அவனுக்கும் ஆரஞ்சு உரிக்க ஆள் வேணும்ல."

பர்விஸ் தன் இடது கையைத் தூக்கி, திறந்திருந்த கண்ணால் பார்த்தார். புத்தம் புதிதாக இருந்தது.

"அந்த ஒரு அடி, நல்லா இருந்துச்சா?"

"நான் கத்தவே இல்லடா."

லூஷியஸ் எப்போது கத்த மாட்டான் என்பது பர்விஸுக்குத் தெரியும்.

"வழக்கமா கேப்பியே, அதைக் கேளு," என்றார்.

"இப்பவா?"

"இப்பத்தான்டா கேக்கணும்."

லூஷியஸ் எழுந்தான். கதவை அகலத் திறந்து, மேசையில் கிடந்தவரின் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தன் முழுக் குரலில் கேட்டான்:

"இவரை இப்படி ஆக்கினது யாரு?"

பழக்கம் விடவில்லை. எதிர் அறையிலிருந்து, ஆரஞ்சும் வாயுமாக, கட்டடமே அதிரப் பதில் வந்தது:

"நாங்கதான்!"

அந்தக் குழு ஒருமித்த குரலில் உண்மை பேசியது அதுவே முதல் தடவை.