ரோட்டோடு மல்லுக்கட்டு

ஜெபராணி நாற்காலி மேல் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கைகளிலும் மோட்டார் காயில்கள். கீழே முழங்கால் அளவு தண்ணீர். அதில் அவள் கணவர் மரியஅந்தோணியின் ஒற்றைச் செருப்பு சாவகாசமாகச் சுற்றி வந்தது.

"பள்ளத்தைத் தூர் வாருங்கன்னு மூணு மனு கொடுத்துப்போட்டேன். ஒருத்தரும் எட்டிப் பாக்கல" என்றாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லு அம்மணி. நானும் ஏறிக்கறேன்" என்றார் மரியஅந்தோணி.

வீதிக் கோடியில் ஓடும் ஓடைக்குத்தான் பள்ளம் என்று பெயர். பழைய மெத்தைகளும் கட்டட இடிபாடுகளும் அதை அடைத்துவிட்டதால், மழைத் தண்ணீர் திரும்பி வீடுகளுக்குள் வரும். பம்புசெட் மோட்டார்களுக்குக் காயில் கட்டித் தருவது ஜெபராணியின் பிழைப்பு. முன்னறைதான் பட்டறை. காயில் நனைந்தால் அந்த வாரம் அடுப்பு எரியாது.

தண்ணீர் வடிந்த மறுநாளே கொத்தனாரைக் கூப்பிட்டு வாசற்படியை ஓரடி உயர்த்தினாள்.

"இனி வரட்டும், பாக்கலாம்."

தண்ணீருக்கு முன்னால் ரோடு வந்தது. நாவலாம்பதி பேரூராட்சி, 'வெள்ளச் சேதச் சீரமைப்புப் பணி' என்று போர்டு வைத்து, பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலைமேலேயே புது ரோட்டைப் போட்டது. ஓரடி ஏறிவிட்டது. அடுத்த மழையில் உள்ளே வந்த தண்ணீருக்கு வெளியே போக வழி இல்லை. மூன்று நாள் பக்கெட்டில் மொண்டு ஊற்றினார்கள். ஆறு காயில் போய்விட்டது.

ஜெபராணி நேராகப் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போய் இன்ஜினியர் கிருபாசங்கர் முன்னால் நின்றாள்.

"ஏனுங்க சார், தூர் வாருங்கன்னா ரோடு போடறீங்க?"

"நிதி ரோட்டுக்குத்தானுங்க வந்திருக்குது. பள்ளம் வேற டிபார்ட்மெண்டுங்க."

"அவங்கள எங்க போய்க் கேக்கறதுங்க?"

"அவங்க இங்கதான் கேக்கச் சொல்லுவாங்க."

தான் மனு கொடுத்ததால் வந்த ஆத்திரத்தில்தான் இந்த ஆள் தன் வீட்டைக் குறிவைக்கிறார் என்று ஜெபராணிக்கு அப்போதே தீர்மானமாகிவிட்டது. வந்த வேகத்தில் படியை இன்னும் ஒன்றரை அடி ஏற்றினாள். முன்னறைத் தரையையும் அதற்குச் சமமாக மண்கொட்டி நிரப்பினாள். கதவுநிலை மட்டும் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. மரியஅந்தோணிக்கு நெற்றி வீங்கியது.

"சொந்த ஊட்டுக்குள்ள தவழ்ந்து போகோணுமா?"

"ஜெபம் பண்ணீட்டே நுழையுங்க."

சித்திரையில் மறுபடியும் ரோடு போட்டார்கள். ஒன்றரை அடி ஏறியது. அடுத்த மழைக்குக் காயில்கள் மறுபடி நாற்காலிக்கு வந்தன.

எதிர்வீட்டு பாலுசாமி கெஞ்சினார். "எங்கூட்டு ஜன்னல்ல இப்ப ஆளுங்க முழங்காலுதான் தெரியுது. யாரு போறாங்க, யாரு வாராங்கன்னே தெரியல. நீ ஒருத்தி எத்தன நாளைக்கு மல்லுக்கட்டுவே? விட்டுப்போடு கண்ணு."

"மாட்டேனுங்கண்ணா. மழைகிட்ட வேணா தோத்துக்கறேன். அந்தக் கிருபாசங்கர்கிட்டத் தோக்க மாட்டேன்."

கையில் கிடந்த வளையல்களை விற்று, வீட்டையே தூக்கி வைக்கிற ஆட்களைக் கூட்டிவந்தாள். அஸ்திவாரத்தைச் சுற்றிலும் நூற்றுச் சொச்சம் ஜாக்கிகள் நின்றன. துடியலூரிலிருந்துகூட வேடிக்கை பார்க்க வந்தார்கள். வீடு ஐந்தடி மேலே எழும்பியது.

"நான் உள்ள இருக்கட்டுமா, வெளிய இருக்கட்டுமா?" என்று கேட்டார் மரியஅந்தோணி.

"எங்கியோ இருங்க. ஆனா இனி நிமுந்து இருங்க."

ஐப்பசி மழை வந்தது. தண்ணீர் இரண்டாவது படி வரைக்கும் ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. ஜெபராணி காயில்களை முன்னறைத் தரையில் பரப்பி வைத்துவிட்டு, அவற்றுக்கு நடுவில் உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தாள். கல்யாணத்தன்றுகூட அவளுக்கு இவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை.

மறுவாரம் காலையில் பேரூராட்சி ஜீப் வந்து நின்றது. கிருபாசங்கர் இறங்கி, வீதி நடுவில் முக்காலி விரித்து, அதன்மேல் இருந்த கருவியில் கண்ணை வைத்தார். ஜெபராணி மேலே நாற்காலியைப் போட்டுக் கால்மேல் கால் போட்டாள்.

"வாங்க சார்! இன்னும் எத்தனை அடி ரோடு போடுவீங்க? போடுங்க, பாக்கலாம்!"

கிருபாசங்கர் நிமிரவே இல்லை. அவருடைய உதவியாள் பொங்கியண்ணன் மட்டும் நீளமான அளவுகோல் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு, எட்டுப் படியும் மூச்சு வாங்க ஏறி வந்து, அதை அவள் காலடியில் மேல்படியின் மீது நிறுத்திப் பிடித்தான். வேர்வையைத் துடைத்துக்கொண்டு மரியாதையாகச் சொன்னான்:

"வீதியில எந்த ஊட்டு வாசப்படி ஒசரமோ, அதுக்குச் சமமாத்தான் ரோடு போடோணும்னு ரூலுங்கக்கா, ஒவ்வொரு தடவையும் உங்க படியில வெச்சுத்தானுங்க மட்டம் புடிக்கறோம்."