லேபிள் சாரும் மும்தாஜ் அக்காவின் பிரியாணியும்

திண்டுக்கல் ஜில்லாவிலேயே உப்பைக் கண்டு அலறிய ஒரே மனிதர் எங்கள் லேபிள் சார்தான். அவரோடு வேலை பார்த்த எங்களுக்கு ரத்தக்கொதிப்பு வந்ததென்றால், அதற்கு உப்பு காரணமில்லை, சார்தான் காரணம்.

ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு வாழை திசு வளர்ப்புக் கூடத்தில் இருந்தோம். சிறுமலை வாழைக் குருத்தை வெட்டி, கிருமி சாக மெர்க்குரிக் குளோரைடு கரைசலில் முக்கி, நன்றாக அலசி, கண்ணாடி பாட்டிலுக்குள் வளர்ப்போம். அந்தப் பாதரச உப்புக்குப் பொறுப்பு சார். அலமாரிச் சாவி அவர் இடுப்பை விட்டு இறங்காது. அதெல்லாம் நியாயம்தான். ஆனால் நாங்கள் சோற்றில் கை வைக்கிற நேரம் பார்த்துத்தான் ஆரம்பிப்பார்.

"வெள்ளையா, உப்பு மாதிரியே இருக்கும்லே. வாசம் வராது. தண்ணியில கரைஞ்சிரும். வாயில போச்சுன்னா குடல் வெந்துரும், அப்புறம் கிட்னி. தோல் வழியாக்கூட உள்ள போகும். ம், சாப்பிடுங்க."

எங்கே சாப்பிடுவது? அந்தக் கரைசலில் கிடந்து பொரிந்துபோன அலுமினிய ஸ்பூன் ஒன்றை பாலித்தீன் பையில் போட்டு ஒட்டி, சாப்பாட்டு அறைச் சுவரில் மாட்டி வைத்த புண்ணியவான் அவர்.

பேர் எழுதாத பாத்திரத்தில் இருப்பதெல்லாம் விஷம் என்பது அவர் கொள்கை. அவருடைய டிபன் பாக்ஸில் 'சாதம்' என்று ஒட்டியிருக்கும். குடையில் 'குடை'. ஒருநாள் டீக்கடையில் டப்பாவைக் காட்டி, "மாஸ்டர், இது என்ன?" என்றார்.

"சீனி சார்."

"நீங்க சொல்றீங்க. டப்பா சொல்லலையே?"

அந்தக் கடையில் எங்களுக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் அன்றோடு போனது. அடுத்தவர் வீட்டுச் சாப்பாட்டை அவர் தொட்டு நான் பார்த்ததே இல்லை.

இந்த லட்சணத்தில், பாட்டில் கழுவும் மும்தாஜ் அக்கா, மகளுக்கு டீச்சர் வேலை கிடைத்த சந்தோஷத்தில் எங்களுக்கெல்லாம் பிரியாணி ஆக்கிக் கொண்டுவந்தார். கூடவே ஒரு பாட்டிலில் உப்பு. அது எங்கள் கூடத்துப் பாட்டில். மூடி நைந்ததை வீட்டுக்கு எடுத்துப்போய் ஊறுகாய், உப்பு போட்டு வைப்பது எல்லோரும் செய்கிற காரியம்தான்.

சார் எழுந்துவிட்டார். "எந்த ரேக்ல எடுத்தீங்கம்மா?"

"சன்னலோர ரேக்குல சார்."

அது பாதரசக் கரைசல் வைத்த பாட்டில்களின் ரேக்.

"அதுல லேபிள் இல்லையே சார்! அய்யோ அல்லா, இந்த உப்பப் போட்டுத்தானே பிரியாணி ஆக்குனேன். எம் மக காலையிலயே தின்னுட்டுப் போயிட்டாளே!"

சார் ஒட்டிய லேபிள் ஊறி விழுந்திருக்கிறது. அவர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். உப்பைக் கரைத்து பொட்டாசியம் அயோடைடு விட்டார். பாதரசம் இருந்தால் ஆரஞ்சு நிறம் வரும். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நிறம் வரவில்லை. பிரியாணி மசாலாவுக்கும் தனியாக ஒரு சோதனை போட்டார். அதிலும் பாதரசம் இல்லை.

"ஒண்ணுமில்லம்மா. வெறும் உப்புதான். பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது."

அக்காவுக்கு உயிர் வந்தது. ஆனால் பிரியாணியில் கை வைக்கத்தான் ஆளில்லை. வருஷக்கணக்காக சார் போட்ட பாட்டு அப்படி. எனக்குச் சுவரில் தொங்கிய ஸ்பூன்தான் தெரிந்தது. கரண்டியோடு நின்ற அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

சார் முழங்கை வரை கை கழுவினார். தன் டிபன் பாக்ஸை ஓரமாகத் தள்ளிவிட்டு அக்காவிடம் தட்டை நீட்டினார்.

"மொத ஆளா நான் சாப்பிடுறேன். அரை மணி நேரம் பாத்துட்டு நீங்க சாப்பிடுங்கலே."

அரை மணி நேரம்! ஆவி பறந்த பிரியாணி கண்ணெதிரே ஆறிப்போனது. இவரோ, "இன்னும் செத்த வைங்கம்மா" என்று மறுதடவை வாங்கிச் சாப்பிடுகிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டைப் பிடுங்கியிருப்பேன். அக்கா மட்டும் சிரித்துக்கொண்டே பரிமாறினார்.

மறுநாள் சார் புது டப்பா ஒன்று வாங்கி வந்து அக்காவிடம் கொடுத்தார். அதில் அவர் கையெழுத்தில் ஒட்டியிருந்தது: 'மும்தாஜ் வீட்டு உப்பு. நம்பிச் சாப்பிடலாம்.'

அதைப் படித்ததிலிருந்து அந்த மனுஷன் மேல் ஒழுங்காகக் கோபப்பட எனக்கு வரவில்லை.