என் பங்கு ஒரு ஏக்கர்

இந்த வீட்டில் ஒரு முடிவாவது என்னுடையதாக இருக்க வேண்டும் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் தீர்மானித்தேன். பத்தேகாலுக்கு என் மனைவியிடம் சொன்னேன். அவள் "சரி" என்றாள்.

இருபத்தெட்டு வருடத் தாம்பத்தியத்தில் என் பேச்சுக்குக் கிடைத்த முதல் "சரி". அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். எங்கள் தெருவில் பதினோரு குடும்பத்தார் சங்கம் வைத்து, வீடுகளுக்குப் பின்னால் தொடர்ச்சியாகக் கிடக்கும் நிலங்களை ஒன்றாக்கிவிட்டார்கள். இனி உழவு கிடையாது, மருந்து கிடையாது. வரப்பெல்லாம் உயிர்வேலி, பள்ளத்தில் ஒரு குளம், மரமும் செடியும் கொடியும் கலந்து நடவு. மண்ணை அதன் பாட்டுக்கு விட்டால், போன தேனீ, தவளை, குருவி எல்லாம் திரும்பி வருமாம். பன்னிரண்டாவது வீடு எங்களுடையது. என் மனைவிக்குச் சேர வேண்டும்.

நான் இருபத்தாறு வருடம் பூச்சி மருந்துக் கடை வைத்திருந்தவன். தெரு முழுக்க என் வாடிக்கை. கையில் ஓர் இலையோடு வருவார்கள். மருத்துவர் நாக்கைப் பார்ப்பதுபோல அந்த இலையைத் திருப்பிப் பார்ப்பேன். "டேங்குக்கு ரெண்டு மூடி" என்பேன். பயபக்தியோடு கேட்டுக்கொள்வார்கள். இப்போது நான் எதிரில் வந்தால் இலையை முதுகுக்குப் பின்னால் மறைக்கிறார்கள். கடை படுத்ததுகூடப் பெரிதில்லை. இருபத்தாறு வருடம் நான் செய்தது தப்பு என்று ஒரு தெருவே கூடித் தீர்மானித்து, அதற்கு என் மனைவியும் கையைத் தூக்கினால், மனிதன் எங்கே போய் நிற்பான்?

"ரெண்டு ஏக்கர் இருக்கு. ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு," என்றேன். "உன் ஏக்கர்ல காடு வளத்துக்கோ, கரடி வளத்துக்கோ. என் ஏக்கர்ல நான் பழையபடி உழுவேன், உரம் போடுவேன், மருந்தடிப்பேன். ஒரு வருஷம் கழிச்சு எல்லாரும் வந்து பாக்கட்டும். என் பக்கம் நல்லா இருந்தா நீ சங்கத்தை விட்டு வெளிய வரணும்."

"நல்லா இல்லேன்னா?"

"அப்புறம் இந்த விஷயத்துல நான் வாயே திறக்க மாட்டேன்."

"சரி."

"சரின்னா?"

"சரின்னா சரிதான். ஆனா நடுவுல மனசு மாறக்கூடாது."

"யாரு, நானா? ஒரு வருஷம் என்ன, அஞ்சு வருஷம் அடிப்பேன்!"

"எழுதிக் குடுங்க."

"எடு பேனாவை!"

பேனா ஏற்கெனவே அவள் கையில் இருந்தது.

அதன் பிறகு எனக்கு நடந்த உபசாரம் சொல்லி மாளாது. மருந்தடிக்கிற நாளை நான் மறந்தாலும் அவள் மறக்க மாட்டாள். "ஏங்க, இன்னிக்கு வியாழக்கிழமை, கிளம்பலையா?" முகமூடியைத் துவைத்துக் காயப்போட்டிருப்பாள். ஸ்பிரேயரைத் தூக்கித் தோளில் மாட்டிவிடுவாள். எதிராளியின் துப்பாக்கிக்குத் தோட்டா போட்டுத் தருகிறவளை நான் அப்போதுதான் பார்த்தேன். பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கும் அம்மாள்தான் சங்கத் தலைவி. மாதத்தின் முதல் ஞாயிறன்று ஒரு சதுரமான மரச்சட்டத்தோடு வருவாள். என் மனைவியின் ஏக்கரில் பத்து இடம், என் ஏக்கரில் பத்து இடம். சட்டத்தை வீசிப் போடுவாள். விழுந்த இடத்தில் மண்டியிட்டு, ஊசியில் நூல் கோர்க்கிற கண்ணோடு சட்டத்துக்குள் பார்த்து எதையோ குறித்துக்கொள்வாள்.

"என்ன பாக்கறே?"

"சும்மாதாண்ணே. ரொம்ப நல்லா பண்றீங்க. இப்படியே விட்டுடாம பண்ணுங்க."

"இதை உங்க சங்கத்துக்காரங்ககிட்ட சொல்லு."

"சொல்லாம? எல்லாரும் உங்களைத்தானே நம்பியிருக்கோம்."

அன்று என் மார்பு நாலு அங்குலம் விரிந்தது. தையல்காரியாயிற்றே, அளவெடுத்திருப்பாள்.

முதல் ஆறு மாதம் என் ஏக்கர் வகிடெடுத்த தலை. அவளுடையது சீப்பையே பார்க்காத தலை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் விசாரிப்பது வழக்கம்.

"உன் கத்தரிச்செடியில பாதி இலையைப் புழு தின்னுடுச்சு."

"மீதிப் பாதி இருக்கே."

"அந்தப் புழுவை யாரு வந்து பிடிப்பா? உங்க அண்ணனா?"

"எங்க அண்ணன் உங்களைப் பாத்துத்தான் வர்றதையே நிறுத்திட்டாரு. குருவி வரும்."

வந்தது. மழை விட்ட ஒரு மாலை, முதலில் அவள் பக்கம் தவளைச் சத்தம். பிறகு தேனீ. பிறகு குருவி. பிறகு எனக்குப் பெயர் தெரியாத யார் யாரோ. என் பக்கம் அமைதி. முதலில் அதை ஒழுக்கம் என்று நினைத்தேன். போகப் போக, காலி வீட்டில் இருமல் கேட்பதுபோல என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்க ஆரம்பித்தது. அவள் குனிந்து வேலை செய்யும்போது சுற்றி ஒரு கூட்டம் இருந்தது. என் ஏக்கரில் நானும் ஸ்பிரேயரும்.

பதினோராம் மாதம் ஒரு குருவி வழிதவறி என் பக்கம் வந்தது. வடக்கு மூலையில், வேலியோரப் புல்லுக்குள் கூடு. முட்டை மூன்று. அந்த மூலைக்கு வந்ததும் ஸ்பிரேயர் அடைத்துக்கொண்டதுபோலத் தட்டிப் பார்ப்பேன், திரும்பிவிடுவேன். மற்றவர்கள் குடியை மறைப்பதுபோல நான் குருவியை மறைத்தேன்.

வருடக் கூட்டம் தையல் கடையில் நடந்தது. சங்கத்துக்கு மரக்கன்றும் குளம் வெட்ட இயந்திரமும் கொடுத்த அறக்கட்டளையிலிருந்து ஓர் அம்மையார் வந்திருந்தார். எனக்கு முன்வரிசையில் நாற்காலி. ஜெயித்தவனைத்தானே முன்னால் உட்கார வைப்பார்கள்?

தையல்காரி வாசித்தாள்: "அக்கா நிலத்துல பூச்சி, புழு, பறவை, செடி எல்லாம் சேத்து நூத்தி முப்பத்திரண்டு வகை. ஒப்பீட்டு நிலத்துல ஏழு."

"ஒப்பீட்டு நிலமா? அது யாரோடது?" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அறக்கட்டளை அம்மையார் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "பக்கத்துலயே ஒரு நிலம் பழையபடி இருந்தாத்தான் சார் வித்தியாசத்தை அளக்க முடியும். அது இல்லாத இடத்துக்கு நாங்க உதவியே பண்றதில்ல. ஆனா மண்ணு கெடும்னு தெரிஞ்சும் யாரு தொடர்ந்து கெடுப்பாங்க? நீங்க பெரிய தியாகி."

"பதினோரு வீட்டுலயும் கெஞ்சிப் பாத்தோம்," என்றாள் தையல்காரி. "ஒருத்தரும் அசையல. அக்காதான், 'எங்க வீட்டுக்காரர் பிடிச்ச முயலுக்கு மூணே காலு, அவரை எங்கிட்ட விடுங்க'ன்னாங்க."

என் மனைவி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஏழுல நானும் சேத்தியா?" என்று கேட்டேன். சிரித்தார்கள். நான் விளையாட்டாகக் கேட்கவில்லை.

"உங்களை விட்டுட்டுத்தாண்ணே எண்ணினோம்."

வீட்டுக்கு நடக்கும்போது நாலு வீடு தாண்டினோம். ஐந்தாவது வீட்டருகில், இருபத்தெட்டு வருடத்தில் சொல்லாததைச் சொன்னேன்.

"நான் பண்ணினது தப்புதான். என் ஏக்கரையும் எடுத்துக்கோ. நானும் வரேன். சேந்து பண்ணலாம்."

அவள் நின்றாள். முகத்தில் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"முடியாதுங்க. அஞ்சு வருஷம்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. அந்தக் காகிதத்தை நம்பித்தான் அவங்க குளமே வெட்டினாங்க. இப்ப நிறுத்தினா இத்தனை பேரு பட்ட பாடும் வீண்."

"மனசு மாறிட்டேன்."

"மாறக்கூடாதுன்னுதானே எழுதினது?"

மறுநாள் வியாழக்கிழமை. வாசலில் ஸ்பிரேயர் நின்றது. அதன்மேல் துவைத்து மடித்த முகமூடி. தூக்கித் தோளில் மாட்டிவிட்டு, பட்டையைச் சரிசெய்துகொண்டே என் மனைவி மெதுவாகச் சொன்னாள்:

"வடக்கு மூலைக் குருவி நேத்தே குஞ்சுகளோட என் பக்கம் வந்துடுச்சு. இனிமேலாவது ஏமாத்தாம அடிங்க."