கேபிள் சேவை

நாட்டுக்கு உழைப்பது என்று ஒரு செவ்வாய்க்கிழமை முடிவு செய்தேன். காரணம், வெள்ளிக்கிழமை சார்ஜாவில் கிரிக்கெட் ஃபைனல்.

சம்பந்தம் இருக்கிறது, சொல்கிறேன். அந்த வருஷம் மந்தைவெளி முழுக்கக் கேபிள் டிவி வந்துவிட்டது. மொட்டைமாடிகளில் கொடிக்கயிறு எது, கேபிள் எது என்று தெரியாமல் ஜனங்கள் வேட்டி காயப் போட்டார்கள். எங்கள் ஆத்தில் மட்டும் இன்னும் ஆன்டெனாதான். "நம்ம பொண்ணு மஹதி ப்ளஸ் டூ முடிக்கற வரைக்கும் கேபிள்னு மூச்சு விடப்படாது!" என்று என் மனைவி ஹம்சா சொல்லிவிட்டாள். சில வீடுகளில் டிவிக்கு ரிமோட் இருக்கும். எங்கள் வீட்டில் எனக்கு இருக்கிறது. ஹம்சாவின் கண்.

சார்ஜா மேட்ச் கேபிளில் மட்டும்தான். யோசித்தேன். கீழ் வீட்டு அஃப்சருன்னிசா டீச்சர் ஞாபகத்துக்கு வந்தார். ரிடையரானவர், தனி ஆள். முழங்கால் வலி, பார்வையும் மங்கல். ஆன்டெனா மேல் காக்கை உட்கார்ந்தால் அவர் வீட்டு டிவியில் செய்தி வாசிப்பவருக்கு இரண்டு தலை. மாடியேறித் திருப்பிவிட ஆள் கிடையாது. அவருக்குக் கேபிள் போட்டுக் கொடுத்தால் எனக்குப் புண்ணியம். வெள்ளிக்கிழமை, 'சரியாத் தெரியறதா டீச்சர்?' என்று பார்க்கப் போய் அப்படியே உட்கார்ந்தால், மேட்ச்!

"ஹம்சா, நான் சேவை பண்ணப் போறேன்."

"எலுமிச்சம்பழமா, தேங்காயா?"

"சமூக சேவைடி!"

விஷயத்தைச் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், உருகிவிட்டாள்.

"ஏன்னா, உங்களுக்கு இப்படி ஒரு மனசா! டீச்சர் மட்டும் போறுமா? வயசானவா, முடியாதவா, தனியா இருக்கறவா எத்தனை பேர் ஆன்டெனாவோட அவஸ்தைப்படறா! எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

"எல்லார்கிட்டயுமா?"

"ஆமாம். வெள்ளிக்கிழமைதான் லீவு போட்டிருக்கேளே."

லீவு போட்டதை நான் அவளிடம் சொல்லவே இல்லை.

வெள்ளிக்கிழமை கேபிள்காரர் பொன்னுரங்கம் வாசலில் நின்றார். "இன்னா சார், சோஷல் ஒர்க்கா? எல்லா வூட்டுக்கும் வயர் வுட்டுட்டேன். செட்டுல சேனல் புட்ச்சி குட்கறது உன் வேலை. எல்லாம் பழைய செட்டு, குமிழைத் திருகிக்கினே இருக்கணும். எனக்கு அடுத்த தெருவுல லைன் கட்டாயி கீது." போயே போய்விட்டார்.

முதல் வீடு ராமானுஜம் மாமாவுடையது. மாமாவுக்குக் காது கேட்காது. ஒவ்வொரு சேனலிலும் நிறுத்தி, "பேசறாளா?" என்று என்னைக் கேட்டார். நடுவில் ஒரு சிக்ஸர் பறந்தது. பந்து எங்கே விழுகிறது என்று பார்ப்பதற்குள் குமிழைத் திருகிவிட்டார். பந்து ஒரு சமையல் நிகழ்ச்சியில் போய் விழுந்தது.

விசாலாக்ஷி மாமி இடுப்பு ஒடிந்து படுக்கையில் இருந்தார். அவர் கண்ணுக்குத் தோதாக டிவியைத் தூக்கி அலமாரி மேல் வைத்தேன். "கொஞ்சம் இடது பக்கம்" என்றார். டிவியையா, என்னையா என்று தெரியவில்லை. இரண்டு பேரும் நகர்ந்தோம்.

கடைசி ஓவர்களையாவது பார்த்துவிடலாம் என்று டீச்சர் வீட்டுக்கு ஓடினேன். வாசலில் ஹம்சாவின் செருப்பு!

உள்ளே ஹம்சா பிடித்துக் கொடுத்த சேனலில் கஜல் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சார்! இது எங்க அம்மா பேசின உருது. அவங்க போனதுக்கப்பறம் இந்த வீட்ல அந்தப் பேச்சே கேக்கல. இன்னிக்குத்தான் கேக்கறேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டில் யாரோ "அவுட்!" என்று அலறினார்கள். யார் அவுட்?

ஹம்சா காதோரம் குனிந்தாள். "மேட்சுக்கு மாத்தச் சொல்லிக் கேளுங்கோளேன்."

"எப்படிடி கேக்கறது?"

"அதானே!"

"சார், அந்தக் குமிழு..." என்று இழுத்தார் டீச்சர்.

"மாத்தணுமா டீச்சர்?" பாய்ந்தேன்.

"ஐயோ, வேணாம்! எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது. கை பட்டு மாறிட்டா மறுபடி பிடிக்க வராது. அது நகராம ஏதாவது பண்ணிக் குடுங்க சார்."

திரும்பினேன். பிளாஸ்திரியும் கத்தரிக்கோலுமாக ஹம்சா நின்றாள். ஆத்திலிருந்தே எடுத்து வந்திருக்கிறாள்!

ஊரெல்லாம் கடைசி ஓவர் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், குமிழ் இம்மியும் அசையாதபடி இறுக்கிப் பிளாஸ்திரி ஒட்டினேன். நானே. என் கையாலேயே.