பொட்டு வைத்த பதினோரு ஃப்ரிட்ஜ்கள்

நடந்தவை, வரிசையாக:

1. ஆயுத பூஜை முடிந்து மூன்றாம் நாள், எங்கள் குடோனுக்குப் பதினோரு பழைய ஃப்ரிட்ஜ்கள் வந்தன.
2. கட்டர் மெஷின் ஓடத் தொடங்கியது.
3. ஒருவர் ஃப்ரிட்ஜின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டார்.
4. நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று முதலாளி அவரிடம் சொன்னார்.
5. தப்பு என்னுடையது.

படுத்தவருக்கு ரேஷன் கார்டில் வேறு பெயர். எங்களுக்கு அவர் ‘கொஞ்சமிரு’. செஞ்சிக் கோட்டையை முற்றுகை போட்ட படைகளெல்லாம் சேர்ந்து காத்திருந்த நேரத்தைவிட, ஃப்ரிட்ஜ்களின் எதிரே அவர் ஒருவர் காத்திருந்த நேரம் அதிகம்.

வீடுகளில் கழித்துப்போட்ட சாமான்களைப் பிரித்து, இரும்பையும் செம்பையும் உருக்க அனுப்புவது எங்கள் குடோனின் வேலை. அதற்கு முன் ஆபத்தானவற்றை எடுத்துவிட வேண்டும்: ஃப்ரிட்ஜில் கேஸ், கம்ப்ரசரில் எண்ணெய், டியூப்லைட்டில் பாதரசம். நான் அங்கே பாதுகாப்பு இன்ஜினியர். பட்டியல் போடுவது நான், எடுப்பது கொஞ்சமிரு.

மற்றவர்கள் கேஸைச் சிலிண்டருக்குள் இழுத்து, மீட்டர் முள் இறங்கியதும் எழுந்துவிடுவார்கள். இவர் முள் இறங்கிய பிறகுதான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார்.

“எண்ணெய்க்குள்ள கொஞ்சம் ஒளிஞ்சிருக்குது மேடம். நாம போயிட்டோம்னு நெனச்சா மெதுவா வெளிய வரும்.”

அறிவியல்படி இது சரி. ஆனால் அவர் அந்தக் கேஸோடு பேச்சும் கொடுப்பார். “வா, வா. எனக்கும் வூடு வாசல் இருக்குதில்ல?”

அந்த வீட்டு நிலவரத்தை அவர் மனைவி ஒருநாள் என்னிடம் சொன்னார். “குக்கர எறக்கி வெச்சா அரமணி நேரம் கிட்டயே போவ வுடமாட்டாரும்மா. அவரு குளிக்கப் போற நேரம் பாத்துத்தான் தொறக்குறேன்.”

கேஸ் எடுத்த ஃப்ரிட்ஜுக்கு அடையாளமாகத் தொங்கவிட, பிளாஸ்டிக் அட்டைகள் அச்சடித்துக் கொடுத்திருந்தேன். ஒருவரும் கட்டவில்லை. கொஞ்சமிரு கதவில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார். பொட்டு இருந்தால் வெட்டலாம், இல்லாவிட்டால் கூடாது. ஒரே நாளில் குடோன் முழுக்கப் புரிந்துவிட்டது. நான் அதை வேலைமுறைப் பட்டியலில் ஏழாம் படியாக எழுதி, கையெழுத்தும் போட்டேன்.

ஆயுத பூஜை என்று ஒன்று வரும் என்பதை யோசிக்கவில்லை.

பண்டிகைத் தள்ளுபடியில் புது ஃப்ரிட்ஜ் வாங்கியவர்கள், பழையதற்குக் கடைசியாக ஒரு பூஜை போட்டுத்தான் அனுப்பியிருந்தார்கள். தொண்டூரிலிருந்து வந்ததில் வாடிய மாலைகூடத் தொங்கியது. பதினொன்றிலும் பொட்டு.

கொஞ்சமிரு டீக்குப் போயிருந்த நேரத்தில், கட்டர் பிடிக்கும் ஏழுமலை முதல் ஃப்ரிட்ஜைப் படுக்கவைத்து மெஷினைப் போட்டுவிட்டார். கழித்துப்போட்டதுதான் என்றாலும் அது புது ரகம். அதற்குள் இருக்கும் கேஸ், சமையல் கேஸுக்குப் பங்காளி. ஒரு பொறி போதும்.

நான் சத்தம் கேட்டு ஆபீஸ் அறையிலிருந்து வெளியே வந்தபோது, கொஞ்சமிரு டீ கிளாஸோடு ஓடிவந்துகொண்டிருந்தார்.

“டேய், நிறுத்து.”

“பொட்டு இருக்குதேண்ணா.”

“நான் வெச்சதில்ல அது.”

“பொட்டுல இன்னா, உன் கையெழுத்தா இருக்குது?”

“நான் வெறும் குங்குமம்தான் வெப்பேன். இதுல சந்தனம் இருக்குது பாரு.”

சொல்லிவிட்டு, கிளாஸைக் கீழே வைத்து, ஃப்ரிட்ஜின் மேல் ஏறி மல்லாந்து படுத்துவிட்டார். முதலாளி வந்தார்.

“அஞ்சு மணிக்கு இரும்பு ஏத்த லாரி வருதுய்யா. எறங்கு.”

“உள்ள கேஸ் இருக்குதான்னு பாக்கச் சொல்லுங்க, எறங்குறேன் சார்.”

“இப்ப எறங்கலன்னா நாளையிலருந்து வராத.”

“சரிங்க சார். இன்னிக்கி இருக்கேன் இல்ல?”

நான் குனிந்து கம்ப்ரசர் குழாயில் மீட்டர் வைத்த வால்வை மாட்டினேன். முள் எகிறியது. உள்ளே கேஸ் முழுசாக இருந்தது.

“சார், பொட்டு பாத்து வெட்டலாம்னு எழுதிக் குடுத்தது நான். நிறுத்தறதா இருந்தா மொதல்ல என்னை நிறுத்துங்க” என்றேன்.

முதலாளி முள்ளைப் பார்த்தார். ஏழுமலையின் கையிலிருந்த கட்டரைப் பார்த்தார். பிறகு, படுத்திருந்தவரைப் பார்த்துக் குரலைத் தணித்துக் கேட்டார்: “பதினொண்ணுக்கும் எவ்ளோ நாள் ஆவும்?”

“நாலு நாள் ஆவும் சார்.”

“லாரிய திருப்பி அனுப்புங்க. யோவ், நீ எறங்கு. நாளைக்கி வந்து தொல.”

இப்போதைய நிலை: ஏழாம் படி நீக்கப்பட்டது. அட்டைகளைக் கம்பியால் கட்டுகிறோம். லாரி தாமதமாகும்போதெல்லாம் முதலாளி அவரைத் திட்டுகிறார். கொஞ்சமிரு லீவ் போடும் நாளில் குடோனில் வெட்டு வேலை கிடையாது. அந்த விதியை எழுதியது நான். ‘காரணம்’ என்ற கட்டத்தை மட்டும் இன்னும் நிரப்பவில்லை.