இந்த வருடம் நாங்கள் சுவிஸுக்கு வராததற்கு ஒரு ட்ரெய்லர்தான் காரணம்

குட்மேய்ஸ், லண்டன்,
ஞாயிற்றுக்கிழமை.

என் மதிப்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அண்ணை அவர்களுக்கு,

இங்கு நானும் யசோதினியும் பிள்ளைகள் இருவரும் சுகம். அங்கு தாங்களும் அண்ணியும், அண்ணியின் வலது முழங்காலும் சுகமாக இருக்க எல்லாம் வல்ல முருகனை வேண்டுகிறேன். போனில் சொல்லக்கூடிய விடயத்தை இவன் ஏன் முத்திரை ஒட்டி அனுப்புகிறான் என்று யோசிப்பீர்கள். போன் என்றால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள், பக்கத்தில் அண்ணி கேட்டுக்கொண்டிருப்பா, நான் பயத்தில் "ஓம் ஓம், வாறம்" என்று சொல்லிவிடுவேன். பதினேழு வருடமாக அப்படித்தான் நடக்கிறது. ஆகவே கடிதம். இந்த ஓகஸ்ட் விடுமுறைக்கு நாங்கள் உங்கள் வீட்டுக்கு வரவில்லை. கோபிக்காமல் முழுவதையும் வாசியுங்கள்.

காரணம் மகள் ஷெறோன். செப்டெம்பரில் யூனிவர்சிட்டிக்கு எடின்பரோ போகிறாள். போன மாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அப்பா, நாங்க எப்பவாவது ஹொலிடே போயிருக்கிறமா?" என்று கேட்டாள். "என்ன பிள்ளை கதைக்கிறாய்? பாரிஸ், கனடா, சுவிஸுக்கு மட்டும் ஆறு தரம் போனனாங்கள்" என்றேன். "அது ஹொலிடே இல்லை அப்பா. ஒரு வீட்டில இருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடுறது. சுவிஸில நான் ஒரு மலையாவது பார்த்தனா? நீங்களும் பெரியப்பாவும் கதைச்சு முடியேக்க பிளேனுக்கு நேரமாயிடும்" என்றாள். அண்ணை, இது அவள் சொன்னது, நான் சொல்லவில்லை. "இதுதான் கடைசி சம்மர். நாங்க நாலு பேர் மட்டும். சொந்தக்காரர், தெரிஞ்ச ஆக்கள் ஒருத்தரும் வேண்டாம். இல்லாட்டி நான் ஃப்ரெண்ட்ஸோட ஸ்பெயினுக்குப் போறன்" என்று சொல்லிவிட்டுத் தன் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு மேலே போய்விட்டாள். நான் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு யோசித்தேன். அவள் போனபிறகு நாலு பேரும் ஒன்றாய் ஒரு கிழமை இருப்பது இனி எந்தக் காலத்தில்?

அப்படித்தான் செக்கண்ட் ஹாண்ட் கேம்பர் ட்ரெய்லர் தேடத் தொடங்கினேன். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப் போய், விரித்தால் நாலு பேர் படுக்கிற கூடாரம். பார்க்கத் தனியாகப் போகலாமென்றுதான் இருந்தேன். ஆனால் மூன்று வீடு தள்ளி இருக்கிற குகதாசன் அண்ணை விடவில்லை. அவர் பிரான்சில் கராஜில் வேலை செய்தவராம், என்ன வேலை என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுவார். முதல் ட்ரெய்லரைத் திறந்ததும் வந்த பூஞ்சண மணத்தில் மகன் பிரவின் காருக்குள் ஓடிப்போய்க் கதவைப் பூட்டிக்கொண்டான். இரண்டாவதின் சொந்தக்காரி சப்பாத்தைக் கழற்றச் சொன்னா. யசோதினி மரியாதையாக, "இதுக்குள்ள மீன் பொரிக்கலாமோ?" என்று கேட்டாள். அதோடு அந்த அம்மாவுக்கு விற்கிற எண்ணமே போய்விட்டது.

மூன்றாவது கென்ட் பக்கம் ஒரு பண்ணையில், கீத் என்கிற ஓய்வுபெற்ற மனுசனுடையது. ஓஃப்-றோட் ட்ரெய்லர், உயரமான சில்லு. அரை மீற்றர் தண்ணிக்குள்ளாலும் கல்லு முள்ளு மேலாலும் போகுமாம். "குட்மேய்ஸில எங்க அண்ணை கல்லும் தண்ணியும்?" என்றேன். "எங்கட றோட்டுப் பள்ளத்தில மழை பெய்து நிக்கேக்க பாக்கேல்லையோ?" என்று குகதாசன் அண்ணை ஸ்க்ரூ டிரைவரோடு அடியில் புகுந்து இரும்பெல்லாம் தட்டிப் பார்த்தார். பிறகு மெத்தையைச் சோதிக்கிறேன் என்று மேலே ஏறிப் படுத்தார். ஐந்து நிமிடத்தில் குறட்டை. இதற்குள் கீத் பக்கவாட்டில் அலுமாரி லாச்சி இழுக்கிற மாதிரி ஒன்றை இழுக்க, அடுப்பும் சிங்க்கும் மேசையுமாக ஒரு முழுக் குசினி வெளியே வந்தது. அண்ணை, யசோதினி உடுப்பில் மணம் ஏறுமென்று பதினேழு வருடமாகப் பின்வளவில் குடை பிடித்துக்கொண்டு மீன் பொரிக்கிறவள். நெஞ்சில் கையை வைத்து, "இஞ்சேருங்கோ, இதுதான்" என்றாள். பிறகு பிரேக்கைப் பற்றியோ ரயரைப் பற்றியோ கதைக்க எனக்கு என்ன உரிமை இருக்கு?

கொண்டுவந்த கதையைக் கேளுங்கோ. வழியெல்லாம் பிழையில்லை. எங்கட வாசலுக்குள்ள பின்னுக்கு எடுக்கத்தான் சனி பிடிச்சது. நான் வலது பக்கம் வெட்டினால் அது இடது பக்கம் போகுது. றோட்டில இருந்த தமிழ் ஆம்பிளையள் எட்டுப் பேர் வந்திட்டினம், எட்டுப் பேரும் எட்டு விதமாச் சொல்லினம். "ஒடியுங்கோ!" "விடுங்கோ!" "ஐயோ, பூச்சாடி!" பூச்சாடி போச்சு. பக்கத்து வீட்டுத் தவநாயகி அக்கா தேசிக்காயோட வந்தா, சில்லுக்குக் கீழ வைக்க. வைக்கக் குனிஞ்சவ குசினியைக் கண்டு நிமிர்ந்திட்டா. "தம்பி, இது வாகனமோ, வீடோ?" எண்டா. "வாகனம்தான் அக்கா." "அடுப்பு இருக்கு, படுக்கை இருக்கு, கதவும் இருக்கு. பால் காய்ச்சாமல் எப்பிடி உள்ளுக்குப் படுப்பியள்? பெடிச்சி வேற படிக்கப் போறாள், குறை வைக்கக் கூடாது" எண்டா. யசோதினிக்கு அந்தக் கடைசி வார்த்தை போதும். பிறகென்ன, தேசிக்காயும் வைச்சு, நாள் பார்த்துப் பால் காய்ச்சிக் குடிபூரலும் நடத்தினம்.

அங்கதான் அண்ணை நான் கவிண்டு போனன். அஞ்சாறு பேருக்குச் சொன்னதுக்கு இருபத்திமூண்டு பேர் வந்தினம், ஒருத்தர் சுவர் மணிக்கூடும் கொண்டு வந்தார், கூடாரத்தில ஆணி அடிக்கச் சுவர் எங்க? பாலைக் குடிச்ச குகதாசன் அண்ணை வாயைத் துடைச்சுக்கொண்டு, "அப்ப, எல்லாரும் எப்ப வெளிக்கிடுறம்?" எண்டு கேட்டார். குடிபூரலுக்கு வந்து பால் குடிச்ச சனத்துக்கு, நீங்கள் வராதேங்கோ எண்டு எந்த வாயால சொல்லுறது? நான் சிரிச்சன். அந்தச் சிரிப்பை ஓம் எண்டு எடுத்திட்டினம். நான் வேல்ஸில கூடாரம் போடப் பதிஞ்சு வைச்ச இடத்தைச் சுத்தி இப்ப பத்தொன்பது பேர் இடம் எடுத்தாச்சு. தவநாயகி அக்கா இடியப்ப உரலும் கொண்டு வாறாவாம். ஷெறோன் மேல போய்க் கதவைச் சாத்தினவள்தான்.

எனினும் அண்ணை, தம்பி சொன்ன சொல் மாறமாட்டான். அவளோடு கதைத்துச் சமாதானப்படுத்தி வேல்ஸுக்குத்தான் கூட்டிப்போவேன். சுவிஸுக்கு இந்த வருடம் இல்லை, இது உறுதியான முடிவு. அண்ணி மனம் நோகாதபடி பக்குவமாகச் சொல்லுங்கள். உங்கள் இருவரின் ஆசியும் எங்களுக்கு என்றும் வேண்டும். முழங்காலுக்கு ஒரு பூச்சு எண்ணெய் தனியாக அனுப்புகிறேன்.

தங்கள் சொல் தட்டாத (இந்த ஒரு தடவை தவிர) தம்பி,
நித்தியானந்தன்

பி.கு: கடிதத்தை ஒட்டப் போகையில ஷெறோன் வாங்கி வாசிச்சாள். கன நாளைக்குப் பிறகு சிரிச்சவள். "அப்பா, எல்லாரும் வேல்ஸுக்கு வந்தால் பெரியப்பா வீட்டில ஆர் இருப்பினம்?" எண்டு கேட்டாள். "அவையள் ரெண்டு பேரும்தான்" எண்டன். "அப்ப உலகத்திலயே ஆக்கள் இல்லாத இடம் அதுதான். அங்க போவம். நாலு பேரும்." எனக்குக் கண் கலங்கிப் போச்சு அண்ணை. ட்ரெய்லரைப் பூட்டுற திறப்பைக் குகதாசன் அண்ணையிட்டைக் குடுத்து, எனக்கு வேலையில லீவு தரேல்லை எண்டு சொல்லிப்போட்டன். ஓகஸ்ட் இரண்டாம் திகதி பின்னேரம் வாறம். மேல எழுதினதெல்லாத்தையும் கிழிச்சு எறியுங்கோ, அண்ணி கையில மாட்டக் கூடாது. இன்னுமொண்டு: நாங்கள் வாறதை ஒரு சனத்துக்கும் சொல்லிப்போடாதேங்கோ. அந்த ட்ரெய்லர் சுவிஸ் மலையும் ஏறுமாம், குகதாசன் அண்ணை நேற்றுத்தான் கீத்துக்குப் போன் பண்ணிக் கேட்டவர்.